தங்கட்டும்

நான்காம் நாள்.
ஒஸ்மானியே தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் கழிப்பறை.
கதவுக்கு வெளியே எவனோ இருமுகிறான்,
செருப்பைத் தேய்க்கிறான்,
சாவிக்கொத்தை ஆட்டுகிறான்.
எல்லாம் கேட்கிறது எனக்கு.
வயிற்றிலிருந்துதான் ஒரு சேதியும் இல்லை.

வாசலில் நிற்கும் என் லாரியில்
இருபத்திரண்டு டன் உலர்ந்த ஆப்ரிகாட்.
மலாத்தியாவில் ஏற்றியது,
மெர்சினில் கப்பலுக்குப் போவது.
எந்தெந்தக் கரையிலோ
யார் யார் குடலையோ இளக்கப்போகிறது.
சீல் வைத்த அந்தக் கதவுகளுக்கு முன்னால்
அடிவயிற்றில் கருங்கல்லோடு உட்கார்ந்து
ஸ்டியரிங் பிடிக்கிறவன் நான்.

எனக்கு முன் பிறந்த இரண்டும் நிற்கவில்லை.
மூன்றாவதாக நான் விழுந்தபோது
துர்சுன் என்று பெயர் வைத்தார்கள்.
தங்கட்டும் என்று அர்த்தம்.
ஐம்பத்தொரு வருடமாகத் தங்கியிருக்கிறேன்.
பெயர் தனக்கு வைத்தது என்று
குடல் எடுத்துக்கொண்டுவிட்டது.

ஜெய்ஹானில் மருந்துக்கடை.
முசெய்யென் என்று கோட்டில் எழுதியிருந்தது.
என் மகள் வயதுதான் இருக்கும்.
மூன்று பேர் வரிசையில் நிற்க
குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.
அவள் தாழ்த்தவில்லை.
ரத்தம் போகிறதா?
வாந்தி?
காற்றாவது பிரிகிறதா?
இளைத்தீர்களா சமீபத்தில்?
இதில் ஒன்று இருந்தாலும் இங்கே நிற்காதீர்கள்,
டாக்டரிடம் போங்கள்.

காற்று பிரிகிறது என்றேன்.
வரிசை முழுக்கத் தெரிந்துகொண்டது.

தண்ணீர்?
குடித்தால் வண்டியை நிறுத்த வேண்டும், மகளே.
உணர்ச்சி வரும்போது போவீர்களா?
மலையிறக்கத்தில் வரும்.
அடுத்த பங்க்கில் பார்க்கலாம் என்பேன்.
அடுத்த பங்க்கில் இருக்காது.
இருக்காதுதான், என்றாள்.
எத்தனை தடவை கதவைத் தட்டும் அது?
ஒருநாள் தட்டுவதையே விட்டுவிடும்.

என்ன சரக்கு ஏற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.
சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றி
மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

மாத்திரை தரவில்லை.
மூன்று நாள் பார்த்துவிட்டு வேண்டுமானால் வாருங்கள்,
அதையே பிடித்துத் தொங்காதீர்கள் என்றாள்.

சீலை உடைத்தால் வேலை போகும்.
ஆகவே மெர்சின் கடைத்தெருவில்
என் ஊர்ப் பழத்தை
என் ஊர் விலைக்கு இரட்டிப்பாகக் கொடுத்து
கால் கிலோ வாங்கினேன்.
கறுத்த ரகம், வெயிலில் காய்ந்தது.
ஆறேழை வெந்நீரில் போட்டு
இரவு முழுக்க டாஷ்போர்டின்மேல் வைத்தேன்.
பழம் மட்டும் போதாது,
தண்ணீர் கூடப் போகாவிட்டால்
அதுவும் போய் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தாள்.
குடித்தேன். இரண்டு முறை எழுந்தேன்.
துறைமுக வரிசை நகரவில்லை,
யாருக்கு நஷ்டம்?

விடிகாலையில் ஊறியதைத் தின்று
ஊறிய தண்ணீரையும் குடித்து
லாரியைச் சுற்றி நடந்தேன்.
காவலாளி கேட்டான், டயர் போச்சா?
இல்லை தம்பி, இது வேறு பஞ்சர்.

பதினொன்றாவது சுற்றில்
எங்கோ ஆழத்தில்
ஒரு கியர் மாறியது.

இந்த முறை அடுத்த பங்க் என்று சொல்லவில்லை.
ஆனால் துறைமுகத்தில் இருப்பது நாற்காலிக் கக்கூஸ்.
ஊரில் குத்துக்காலிட்டுப் பழகிய உடம்பு.
பாதத்தை உயர்த்துங்கள்,
முழங்கால் இடுப்புக்கு மேலே வரட்டும் என்றாள் அல்லவா,
உயர்த்த என்ன இருக்கிறது என்னிடம்?
சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும்
இரண்டு மரக்கட்டைகள்.

வண்டி உருளாமலிருக்க
இருபது வருடமாக வைத்தவை.
பாதத்துக்கொன்றாகப் போட்டு
முன்னால் சாய்ந்து
முழங்கைகளைத் தொடையில் ஊன்றி
முக்காமல்
மூச்சை மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்ல ஒன்றுமில்லை.
வந்தது.
அவ்வளவு சாதுவாக.

கண்ணில் நீர் நின்றது, வெட்கமாகவும் இருந்தது.

கை கழுவி வெளியே வந்தால்
சாவிக்கொத்தோடு ஒருவன்,
முகம் சாம்பல் நிறம்.
எத்தனை நாள்? என்றேன்.
மூன்று விரல் காட்டினான்.
கட்டைகள் உள்ளே இருக்கின்றன,
காலுக்கு வைத்துக்கொள்,
முடிந்ததும் மறக்காமல் எடுத்து வா.

வரிசை நகரத் தொடங்கியது.
பின்னால் ஹாரன்மேல் ஹாரன்.
முட்டுக்கட்டை இல்லாத லாரியில்
பிரேக்கை மிதித்தபடி
காத்திருந்தேன் நான்.
தங்கட்டும்.